காஞ்சியின் கல்லும் நாவிதர் கத்தியும்

காஞ்சிபுரத்துக்கு வரும் அன்பர்களில் பலர் ஏகாம்பரேசுவரர், காமாட்சியம்மன், வரதராசப் பெருமாள் என்ற வரிசையில் தரிசனத்தை முடித்துக்கொண்டு, உச்சிவேளைக்குள் பட்டுக் கடைக்குப் போய்விடுகின்றனர். நகரின் மேற்கு ஓரத்திலுள்ள கயிலாசநாதர் கோயிலுக்கு வருவோர் குறைவு. பிள்ளையார்பாளையத்தின் நெசவாளர் தெருக்களைக் கடந்து செல்ல வேண்டும். காலை வேளையில் தெருவின் நீளத்துக்குப் பாவு நீட்டிக் கட்டியிருப்பார்கள். தறியோசை திண்ணை வரை கேட்கும். அந்தத் தெருக்களின் முடிவில், ஆரவாரம் ஏதுமின்றி நிற்கிறது இராசசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த கற்றளி.

அடித்தளம் கருங்கல். அதற்கு மேல் உள்ளவை பெரும்பாலும் மணற்கல். மதிலை ஒட்டி உள்ள 58 சிறு சன்னதிகளைச் சுற்றிவரும்போது சுவரடியில் கொஞ்சம் மணல் உதிர்ந்து கிடப்பதைக் காணலாம். 1,300 ஆண்டு வெயிலும் மழையும் சிற்பங்களிலிருந்து பிரித்தெடுத்த மணல் அது. விரல் நுனியில் எடுத்து உருட்டினால் நறநறவென்று இருக்கும். இரும்பையும் தேய்க்கவல்ல படிகக்கல்லின் துகள் அது. அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் கூர் ஏற்ற மணற்கல் போதும் என்பதை உழவர்கள் காலங்காலமாக அறிவார்கள்.

கருவறையில் இருப்பதோ வேறு கல். பதினாறு பட்டைகள் கொண்ட இலிங்கத் திருமேனி, கண்ணாடிபோல் வழவழப்பாக்கப்பட்ட கருங்கல்லில் அமைந்தது. இவ்வாறு பட்டை தீட்டிய திருமேனியைத் தாராலிங்கம் என்பர். 'தாரா' என்ற வடசொல்லுக்கு நீரொழுக்கு என்பது ஒரு பொருள். கருவியின் கூர்வாய் என்பது இன்னொரு பொருள். அபிடேக தாரையும் கத்தியின் தாரையும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. கோயிலுக்குப் போகும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தலைகுனிந்து ஏற்றுக்கொண்ட கத்தி ஒன்று உண்டு. அது நாவிதரின் சவரக்கத்தி. முதல் முடி இறக்கும் நாளிலும், பூணூல் கல்யாணத்திலும், வேண்டுதல் நிறைவேறிய நாளிலும், தாய் தந்தைக்குக் கருமம் செய்யும் நாளிலும் அதன் முன் தலை குனியாத குடும்பம் இல்லை. ஆனால் அந்தக் கத்தி எப்படிக் கூர் பெற்றது என்று கேட்டவர்கள் மிகச் சிலரே.

சவரக்கத்திக்கு மணற்கல் உதவாது. கருங்கல்லும் உதவாது. மணற்கல்லின் துகள் பெரிது. அது கத்தியின் வாயைக் கிழித்துவிடும். கருங்கல்லில் பலவகைக் கனிமங்கள் கலந்திருப்பதால் ஓரிடம் தேய்க்கும், ஓரிடம் வழுக்கும். விரலால் தடவினால் துகளே தெரியாத, பலகைக்கல் போன்ற நெருக்கமான கல்தான் வேண்டும். அப்படிப்பட்ட கல்லை நாவிதர்கள் உள்ளங்கை அளவுக்கு உடைத்து, தேய்த்துச் சமமாக்கி, கத்தி, கத்தரி, நகம்வெட்டி, சிறு கிண்ணம் ஆகியவற்றோடு அடைப்பத்தில் வைத்துக்கொண்டனர். கத்தி தேய்ந்து முடிந்தாலும் கல் தேயாது. தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது பெரும்பாலும் கல்தான்.

தீட்டுதல் பார்ப்பதற்கு எளிது. கைவருவதற்கு வருடங்கள் ஆகும். கற்கத் தொடங்கும் சிறுவனின் கையில் முதலில் கொடுக்கப்படுவது பழைய கத்தியாகத்தான் இருக்கும். கல்லை நீரில் நனைத்துத் தரையில் அசையாமல் வைக்க வேண்டும். கத்தியைக் கல்லின்மேல் படுக்க வைக்கும்போது அதன் தடித்த முதுகும் மெல்லிய வாயும் ஒருங்கே கல்லைத் தொட வேண்டும். சவரக்கத்தியைச் செய்த கொல்லரின் புத்தி இங்கேதான் தெரிகிறது. எந்தச் சாய்வில் தீட்ட வேண்டும் என்பதை முதுகின் கனமே தீர்மானித்துவிடுகிறது. தீட்டுபவன் தன் கணக்கில் கூட்டவோ குறைக்கவோ வேண்டியதில்லை. சமையலறைக் கத்திக்கு இந்த வசதி கிடையாது.

பிறகு, வாய் முன்னே செல்லுமாறு கத்தியைக் கல்லின்மேல் தள்ள வேண்டும். கல் குறுகியது, கத்தி நீண்டது. ஆகவே அடியிலிருந்து நுனிவரை எல்லாப் பகுதியும் கல்லில் படுமாறு சற்றே குறுக்காக இழுத்துச் செல்ல வேண்டும். கல்லின் முடிவில் கத்தியை முதுகின்மேல் புரட்டி, மறுபக்கம் படியவைத்துத் திரும்பிவர வேண்டும். வாயின்மேல் புரட்டினால் அரைமணி நேர உழைப்பு அந்த ஒரு நொடியில் போய்விடும். ஒரு பக்கம் எத்தனை முறையோ மறுபக்கமும் அத்தனை முறை. வரவும் செலவும் ஒத்துப்போகாத கணக்கேடு போல, ஒரு பக்கம் கூடிப்போன கத்தி எந்நாளும் நேர்படாது.

எல்லாச் சிறுவரும் செய்யும் பிழை ஒன்றுதான்: அழுத்துவது. அழுத்தினால் விரைவில் கூர் வரும் என்று தோன்றும். உண்மையில் மெல்லிய வாய் அழுத்தத்தில் வளைந்து, அதன் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிர் எழும்பும். அந்தப் பிசிர் முதலில் கூர்போலவே ஏமாற்றும். இரண்டு இழுப்பில் முறிந்துபோய்த் தோலைக் கிழிக்கும். "அமுக்காதேடா, கத்தியின் கனமே போதும்" என்று சொல்லித்தான் பெரியவர்கள் கைமேல் கைவைத்துக் காட்டுவார்கள். போகப்போக அழுத்தம் குறைந்து, கடைசிச் சில இழுப்புகளில் கத்தி கல்லை வருடிச் செல்ல வேண்டும். அப்போது கல்லின்மேல் நிற்கும் நீர் மெல்லிய வாயின்மீது ஏறி வருவதைக் காணலாம். வாய் கல்லோடு முழுக்கப் படிந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

கல்லுக்குப் பின் தோல் வார். இங்கே திசை மாறுகிறது. கல்லில் வாய் முன்னே சென்றது. வாரில் முதுகு முன்னே செல்லும், வாய் பின்னே இழுபடும். மறந்து மாற்றிச் செய்தால் வார் அறுபடும். வார் இல்லாத இடத்தில், காய்த்துப்போன தம் உள்ளங்கையிலேயே கத்தியைப் புரட்டிப் புரட்டித் தீட்டிக்கொள்ளும் நாவிதர்களை இன்று அறுபது வயதைக் கடந்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள். இறுதிச் சோதனைக்குத் தோலைத் தொடவேண்டியதில்லை. முன்கை உரோமத்தின் நுனிமேல் கத்தியை நகர்த்தினால் உரோமம் ஓசையின்றி அறுந்து விழ வேண்டும்.

இந்தச் சோதனை புதிதன்று. சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானம், அறுவைக் கருவிகளைப் பற்றிய எட்டாம் அத்தியாயத்தில் இதையே விதிக்கிறது. மயிரை அறுக்கும் அளவுக்குத் தீட்டப்பட்ட கருவியையே சிகிச்சைக்கு எடுக்க வேண்டும் என்பது அதன் விதி. எந்தக் கருவிக்கு எவ்வளவு கூர் என்பதற்கும் அளவு உண்டு. பிளக்கும் கருவிக்கு மைசூர்ப் பருப்பின் விளிம்பளவு மெல்லிய வாய். சுரண்டும் கருவிக்கு அதில் பாதி. குத்தித் துளைக்கும் கருவிக்கு மயிரளவு. அறுத்தெடுக்கும் கருவிக்கு மயிரில் பாதி. தீட்டுவதற்கு உளுந்தின் நிறமுடைய வழவழப்பான கல்லும், கூரை நிலைநிறுத்துவதற்கு இலவம்பலகையும் அங்கே கூறப்படுகின்றன. இலவம்பலகை செய்த வேலையைத்தான் பிற்காலத்தில் தோல் வார் செய்தது. தமிழகத்தில் நாவிதர்களுக்கு மருத்துவர் என்ற பெயரும் வழங்குகிறது. கட்டி கீறுவதும் புண்ணுக்கு மருந்திடுவதும் அவர்கள் கையில் இருந்த காலம் உண்டு. அவர்கள் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். உளுந்து நிறக் கல் என்ற குறிப்பு நூலில் இருந்தது. கல் அவர்கள் அடைப்பத்தில் இருந்தது.

உலகில் நல்ல தீட்டுக்கல் கிடைக்கும் இடங்கள் சில உண்டு. பெல்சியம் நாட்டு ஆர்தென் மலைப்பகுதியில் கிடைக்கும் வெளிர்மஞ்சள் கல்லில், நவரத்தினக் கோமேதகத்தின் இனத்தைச் சேர்ந்த மணிகள் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக நிறைந்திருக்கின்றன. ஐரோப்பிய நாவிதர்கள் அதைப் பெரிதும் விரும்பினர். சப்பானில் கியோத்தோ நகரை ஒட்டிய மலைகளில் எடுக்கப்பட்ட கற்கள் வாளுக்கும் சவரக்கத்திக்கும் பெயர் பெற்றவை. கியோத்தோவும் காஞ்சியைப் போலவே கோயில் நகரம், பட்டு நெசவு நகரம் என்பதும், அங்கே சிகைத் தொழிலாளர்கள் வழிபடும் சிறு கோயில் ஒன்று உள்ளது என்பதும் நினைத்து மகிழத்தக்க ஒற்றுமைகள்.

தமிழகத்தின் பங்கும் சிறிதன்று. வைரத்துக்கு அடுத்த கடினமுள்ள குருந்தக்கல் சேலம், நாமக்கல், கரூர்ப் பகுதிகளில் கிடைக்கிறது. அதைப் பொடித்து அரக்கோடு சேர்த்து வார்த்ததுதான் பழைய சாணைச் சக்கரம். மேலைநாட்டார் அக்கல்லுக்கு வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயரே குருந்தம் என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து சென்றது. எஃகும் இங்கிருந்து போயிற்று. தென்னாட்டு உருக்கை இலண்டனில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்த சேம்சு இசுடோடார்ட் என்ற கத்தி செய்வோர், ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இதுவே மேல் என்று தம் கடை விளம்பரத்திலேயே அச்சிட்டார். அவரோடு சேர்ந்து எஃகை ஆராய்ந்தவர் மின்சார ஆய்வால் புகழ்பெற்ற மைக்கேல் பாரடே. தாம் செய்த எஃகில் வடித்த சவரக்கத்திகளை அவர் நண்பர்களுக்குப் பரிசாக அளித்தார். ஆனால் சுழலும் சாணையில் சவரக்கத்தியைக் காட்டக்கூடாது. சூட்டில் எஃகின் பதம் போய்விடும். அதற்கு நீர் தெளித்த கல்லும் பொறுமையான கையுமே வேண்டும்.

கயிலாசநாதரைத் தரிசித்து நகருக்குள் திரும்பினால் சாலைத் தெருவில் காமகோடி பீடத்தின் ஸ்ரீமடம். சந்நியாசிகள் நாள்தோறும் சவரம் செய்துகொள்வதில்லை. பருவங்கள் மாறும் பௌர்ணமியில்தான், அதாவது இரண்டு மாதங்களுக்கு ஒருமுறைதான், வபனம். வியாச பூர்ணிமையன்று வபனமும் வியாச பூசையும் முடித்துச் சாதுர்மாசிய விரதம் தொடங்கினால், நான்கு பட்சங்கள் கழிந்து புரட்டாதிப் பௌர்ணமியில் விசுவரூப யாத்திரை செய்யும்வரை கத்தி படாது. இரண்டு மாதம் வளர்ந்த தலைமுடியையும் தாடியையும் ஒரே அமர்வில் எடுப்பது எளிய வேலையன்று. கத்தி மழுங்கியிருந்தால் ஒவ்வோர் இழுப்பும் வேதனை. சந்நியாசி வலிக்கிறது என்று வாய்திறந்து சொல்லவும் மாட்டார். ஆகவே முந்திய நாளே கல்லில் தீட்டி, உரோமத்தில் சோதித்து, துணியில் சுற்றி வைக்கும் கைக்கு அந்த விடியற்காலையில் ஒரு பெரும் பொறுப்பு இருந்தது.

கடோபநிடதம் ஞானவழியைச் சவரக்கத்தியின் தாரைக்கு ஒப்பிடுவது பலரும் அறிந்தது. அதற்கு உரை கண்ட ஆதிசங்கரர், அங்கே தாரைக்கு அடைமொழியாக வரும் 'நிசிதா' என்ற சொல்லுக்குக் 'கூர்மையாக்கப்பட்டது' என்று பொருள் தருகிறார். 'கூர்மையானது' என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. எவரோ கல்லின்மேல் உட்கார்ந்து ஆக்கிய கூர் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. உபந்நியாசங்களில் கத்திமுனையில் நடக்கும் அச்சத்தைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. தீட்டியவரைப் பற்றிப் பேச்சு எழுவதில்லை.

வேதம் அவரை மறக்கவில்லை. குழந்தைக்கு முதல் முடி இறக்கும் சௌளத்தில், அதர்வ வேதத்தில் காணும் மந்திரம் ஒன்று கிருகிய சூத்திரங்களின் வழியே வந்துள்ளது. கத்தியோடு வந்திருப்பவன் சவிதா. வெந்நீரோடு வருபவன் வாயு என்பது அதன் கருத்து. கோபில கிருகிய சூத்திரம், அப்போது நாவிதரை நோக்கி, மனத்தைச் சவிதாவிடம் வைக்க வேண்டும் என்றே விதிக்கிறது. மூன்று சந்தியிலும் காயத்திரியால் வணங்கும் அதே சவிதா. குழந்தைக்கு ஊறு செய்யாதிருக்குமாறு கத்தியையே விளித்து வேண்டும் மந்திரமும் உண்டு. சவிதாவாகக் காண வேண்டியவரைக் கொல்லைப்புறம் வழியே வரச்சொல்லி, சடங்கு முடிந்ததும் தீட்டு என்று தண்ணீர் ஊற்றிக் குளித்த வழக்கமும் அதே வீடுகளில்தான் இருந்தது. நெல்லும் பழைய வேட்டியும் கொடுத்ததோடு கடமை தீர்ந்ததாக எண்ணினார்கள். சூத்திரம் ஒன்று சொல்ல, வீடு வேறொன்று செய்தது. இதை இன்று மூடி மறைப்பதில் பயனில்லை. கோயில்கள் ஓரளவு மேலாகவே நடந்துகொண்டன. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் பங்கு ஒதுக்கிய பணியாளர் வரிசையில், நாவிசம் செய்வோரும் கல்வெட்டில் இடம்பெற்றிருக்கிறார்கள்.

காஞ்சியிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. திருக்குறிப்புத் தொண்ட நாயனார் இவ்வூரில் அடியார்களின் துணி வெளுத்துத் தொண்டு செய்த ஏகாலியர் குலத்தவர். குளிர்காலத்தில் மெலிந்த அடியவராக வந்த இறைவனிடம் கந்தைத் துணியை வாங்கி, பொழுது சாய்வதற்குள் உலர்த்தித் தருவதாக வாக்களித்தார். மழை விடவில்லை. வாக்குத் தவறியதே, அடியவர் குளிரில் வாடுவாரே என்று துணி துவைக்கும் பாறையிலேயே தலையை மோதிக்கொள்ள முற்பட்டார். ஏகாம்பரநாதரின் திருக்கை அந்தப் பாறையிலிருந்து எழுந்து பற்றிக்கொண்டது. கருவறைக் கல்லிலிருந்து வரவில்லை, தொழில் செய்யும் கல்லிலிருந்து வந்தது. காஞ்சி முத்தீசுவரர் கோயில் இந்த நாயனாரோடு தொடர்புடையது.

1903-ல் அமெரிக்காவில் சில்லெட் நிறுவனம் கழற்றி எறியும் மெல்லிய பிளேடை விற்கத் தொடங்கியபோது, கல்லின் காலம் முடியத் தொடங்கியது. இங்கே அது நாவிதரின் கைக்கு வருவதற்கு வெகுகாலம் பிடித்தது. ஒரு கத்தி பல தலைகளில் பட்டால் இரத்தத்தின் வழியே மஞ்சட்காமாலையும் எய்ட்ஸும் பரவக்கூடும் என்ற அச்சம் வந்தபின் மாற்றம் விரைந்தது. இப்போது முடி இறக்கும் மண்டபங்களில் ஆளுக்கொரு புதிய பிளேடு. பாதியாக ஒடித்து, பிடியில் செருகி, வேலை முடிந்ததும் எறிந்துவிடுகிறார்கள். இது சரியான மாற்றமே. ஆயிரம் பேர் வரிசையில் நிற்கும் இடத்தில் கல்லை வைத்துத் தீட்டிக்கொண்டிருக்க இயலாது. 2021-ல் தமிழக அறநிலையத்துறைக் கோயில்களில் முடி காணிக்கைக்குக் கட்டணம் நீக்கப்பட்டது; பணியாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவிக்கப்பட்டது. அடைப்பம் தூக்கி வீடு வீடாக நடந்த தலைமுறை கேட்டும் கிடைக்காத ஏற்பாடு அது.

போனது கல்லின் கல்வி. எந்தக் கல் நீர் குடிக்கும், எது குடிக்காது. தேய்ந்து குழிந்த கல்லை எப்படிச் சமப்படுத்துவது. கத்தி கல்லில் செல்லும் ஓசை கரகரப்பிலிருந்து மெல்லிய சீறலாக மாறும் கணம் எது என்பதெல்லாம் ஏட்டில் ஏறாதவை. கடையில் புதிய பிளேடு ஒரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் கிடைக்கும்போது மகன் அவற்றைக் கற்க வேண்டிய தேவை இல்லை. பழைய அடைப்பங்களிலிருந்து வெளியே வந்த கற்கள் பல வீடுகளில் அரிவாள்மணைக்குக் கூர் ஏற்றப் பயன்பட்டு, பிறகு காணாமல் போயின. பட்டுத்தறியைக் காப்பதற்குச் சங்கங்கள் உண்டு, சிற்பிகளுக்கு மாமல்லபுரத்தில் கல்லூரி உண்டு. உள்ளங்கை அளவுக் கல்லுக்கு எதுவும் இல்லை. கல்லின் கதையை வாயால் சொல்லக்கூடிய முதியவர்கள் காஞ்சித் தெருக்களில் இன்னும் ஒரு சிலர் இருக்கலாம். பேரக்குழந்தைக்கு முடி இறக்கப் போகும் குடும்பத்தார் கேட்டால் சொல்வார்கள்.

காஞ்சிக் குடும்பங்கள் பல இதற்காகச் செல்வது சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருத்தணிக்கு. தாத்தாவின் மடியில் குழந்தை திமிறுகிறது. தாய்மாமன் கைகளைப் பிடித்துக்கொள்கிறார். நீர் தெளித்துத் தலையை நனைத்த நாவிதர், உறையைப் பிரித்துப் புதிய பிளேடை எடுத்துக் காட்டிவிட்டுப் பிடியில் செருகுகிறார். இடது கை குழந்தையின் உச்சியைப் பற்றுகிறது. வலது கை, அழுத்தாமல், பிளேடின் கனம் மட்டுமே படுமாறு இறங்குகிறது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு மடியில் விழும் முடியைப் பார்க்கிறது. சந்தனம் பூசியபின் பாட்டி வெற்றிலை, பாக்கு, பழத்தின்மேல் தட்சிணையை வைத்து, இரு கைகளாலும் நாவிதரிடம் நீட்டுகிறார்.

திருக்குறிப்புத் தொண்ட நாயனாரின் குருபூசை சித்திரை மாதச் சுவாதியன்று நடைபெறும்.